சத்தம் வெளியே போகாத அறை

எனக்காகத்தான் கட்டினானாம். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அண்ணன் அதையேதான் சொல்கிறான், என்ற தங்கச்சிக்காகத்தானுங்க, அவ எங்கயும் போய்க் கஷ்டப்படக் கூடாதுன்னு. எனக்காகக் கட்டியதை மாடியில் கட்டியிருக்கிறான். பதினேழு படி. ஒன்றரை வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போன தங்கைக்கு அவளுடைய நாற்பத்தொன்றாவது வயதில் பதினேழு படிக்கு மேலே ஒரு ஹோம் தியேட்டர். கீழே தோதான இடமில்லையாம். ஜன்னல் இல்லாத அறை வீட்டில் இது ஒன்றுதானாம், அவனுடைய ஒர்க்‌ஷாப்பில் கழித்துப்போட்ட மோட்டார்களையும் கிழிந்த மெத்தைகளையும் போட்டு வைத்திருந்த அறை. நான் தூக்கிட்டுப் போறேன் கண்ணு, உனக்கென்ன என்றான். எனக்கென்ன. இன்று ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து மூன்று மணிக்கு ஹாலில் என் சக்கர நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் நீட்டினான், நீட்டிய கைக்கு வேண்டாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, கல்லூரி ஆபீசில் முப்பது பேருக்கு வேலை சொல்கிற வாய், பிரின்சிபாலிடமே முடியாது என்று சொல்கிற வாய், அந்தக் கையைப் பார்த்தால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. தூக்கினான். பதினோராவது படியில் அவன் முழங்கால் சொடுக்கியது. நாற்பத்தெட்டு வயது முழங்கால். அவன் சட்டைக் காலரில் வியர்வையும் கிரீஸும் கலந்த வாசம், நாலாங்கிளாஸில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனபோது பவுடர் வாசம் அடிக்கும், வாசம்தான் மாறியிருக்கிறது, என் தலை இருக்கும் இடம் மாறவில்லை. சேர்ந்து உருண்டால் யார் மேல் யார் விழுவோம் என்று நினைத்தேன். அவன் மேல் நான் விழுந்தால் நான் பிழைத்துக்கொள்வேன், அதற்கப்புறம் சாகிற வரைக்கும் ஊர் அதைப் பேசும். இப்போது சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன். ஒரு பட்டனை அமுக்கினால் கால் மேலே வரும், இன்னொன்றை அமுக்கினால் முதுகு சாயும், எதை அமுக்கினாலும் இந்த அறையை விட்டு வெளியே போக முடியாது. என் நாற்காலி கீழே ஹாலில் நிற்கிறது.

‘நல்லாருக்குதா? காலை நீட்டிக்கோ. அன்னைக்கு அந்த மால்ல உன்னால சரியாப் பாக்க முடியலையல்லோ, இன்னைக்குச் சரியாப் பாரு.’ சரியாப் பாரு. அதே படத்தைத்தான் போடுகிறான். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ராட்சதத் திரையில் பார்த்த அதே விண்வெளிப் படம், இப்போது வீட்டுக்கே வந்துவிட்டது, ரிமோட்டில் தேடினால் வருகிறது. சனிக் கிரகத்துக்குப் போகிற கப்பலில் தனியாக இருக்கிற மெக்கானிக் பெண் ஒருத்தியின் கதை. எனக்குப் புதிதாக வந்திருக்கும் செவ்வாய்க் கிரகப் படத்துக்குப் போக வேண்டும். அதே ராட்சதத் திரையில் ஓடுகிறது, நாளையோடு எடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன், ஞாயித்துக்கிழமை ஆறரை மணி ஷோவுக்குப் போலாம்னு இருக்கறேன் என்று. ரெண்டு மாசம் பொறு, நம்மூட்டுக்கே வந்துரும் என்றான், தட்டில் இருந்து தலையைத் தூக்காமல். என் வண்டியில் நான் போகிறேன், பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக மாட்டிய என் ஸ்கூட்டரில், தினமும் பதினாலு கிலோமீட்டர் ஆபீசுக்குப் போய் வருகிற வண்டியில். மால் வாசலில் சக்கர நாற்காலி கொடுக்கிறார்கள், லிஃப்ட் இருக்கிறது, யார் தயவும் வேண்டாம். வாசலுக்கு வெளியே எனக்கு ஊர் முழுக்க வழி தெரியும். வாசலுக்கு உள்ளே வந்தால்தான் நான் தூக்கி வைக்கிற சாமான். படம் ஆரம்பித்துவிட்டது. ராக்கெட் கிளம்புகிறது. ‘கேட்டுக்கோ, ஒம்பது ஸ்பீக்கரு, மேல ரெண்டு, பொறத்தால ரெண்டு, மூலைல இருக்குதல்லோ அது அடிச்சா நெஞ்சு அதிரும்.’ அதிர்கிறது. சுத்தமான அதிர்வு, ஒவ்வொரு பொட்டுச் சத்தமும் தனித்தனியாகக் கேட்கிறது, அங்கே அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை என்பது நிஜம்தான். திரையும் சின்னது ஒன்றுமில்லை, சுவரில் முக்கால்வாசி. ஆனால் நாலு ஓரமும் தெரிகிறது. ஓரத்துக்கு அந்தப் பக்கம் மெரூன் கலர் பஞ்சுப் பலகை தெரிகிறது, அதற்குக் கீழே சாமி படம், அதற்கு ஒரு சீரியல் பல்பு. விண்வெளிக்குப் பக்கத்தில் சீரியல் பல்பு. இதைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும்.

அங்கே மாலில் ஓரமே கிடையாது. சக்கர நாற்காலி முதல் வரிசைக்குத்தான் போகும், அதுவும் இடதுபக்கக் கடைசியில் ஒரு காலி இடம், மற்றதெல்லாம் படிக்கட்டு. டிக்கெட் கிழிக்கிற பையன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான், மேடம் இங்கதான் மேடம். அண்ணனும் சுகந்தி நங்கையும், அதாவது அண்ணன் பெண்டாட்டி, மேலே பதினைந்தாவது வரிசையில். நானும் உங்கூட இங்கயே நிக்கறேன் என்று அண்ணன் அடம்பிடித்தான், பின்னால் இருந்தவர்கள் மறைக்குதுங்க என்று கத்தினார்கள், போனான். விளக்கு அணைந்தது. நாலு மாடி உயரத்துக்கு இருட்டு என் மேல் வந்து நின்றது. எங்கே திரை முடிகிறது என்று கண் தேடித் தேடிப் பார்த்து விட்டுவிட்டது. தலையைத் திருப்பினாலும் விண்வெளி, அண்ணாந்தாலும் விண்வெளி, படம் கொஞ்சம் கோணலாகத்தான் தெரிந்தது, அந்தப் பெண்ணின் முகம் ஒரு பக்கம் நீண்டு ஒட்டகம் மாதிரி இருந்தது, இருக்கட்டும். ராக்கெட் கிளம்பியது. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரைக்கு வந்தது. தரையில் இருந்து சக்கரத்துக்கு, சக்கரத்தில் இருந்து கால் வைக்கிற தகட்டுக்கு, தகட்டில் இருந்து என் உள்ளங்காலுக்கு. போலியோ கால் அசையாது, ஆனால் எல்லாம் தெரியும். கொசு கடித்தால் தெரியும், சூடு தெரியும், கல்யாண வீடுகளில் பெரிய மனுஷிகள் உணர்ச்சி இருக்குதா கண்ணு என்று கிள்ளிப் பார்ப்பார்களே, அது தெரியும். உள்ளங்கால் கூசியது. முழங்கால் ஆடியது. குனிந்து பார்த்தேன், திரை வெளிச்சத்தில் என் இரண்டு காலும் சுடிதாருக்குள்ளே கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன, நான் ஆட்டவில்லை, யாரும் பிடித்து ஆட்டவில்லை, பிசியோதெரபி அறையில் வெள்ளைக்கோட்டுக்காரர்கள் தூக்கி மடக்கி ஆட்டுவார்களே அப்படி இல்லை, தானாக. நாற்பத்தொரு வருடத்தில் முதல் தடவை. கப்பல் மேலே போனது. எடை போனது. அந்தப் பெண் காலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கையால் மட்டும் சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்தாள், நான் வீட்டில் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுகிற மாதிரியே. அங்கே யாருக்குமே கால் தேவைப்படவில்லை. முந்நூறு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவராவது என்னைப் பார்க்கவில்லை. அழுதேன். அழுகை என்றால் சும்மா கண்ணீர் இல்லை, மூக்கு ஒழுக, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு. இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

விளக்கு போட்டதும் அண்ணன் இறங்கி வந்தான். என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான், திரும்பினான், அந்த டிக்கெட் பையனிடம், பாவம் இருபது வயதுகூட இருக்காது, ‘கூப்புட்றா உங்க மேனேஜரை’ என்று ஆரம்பித்தான். மேனேஜர் வந்தார். ‘ஊனமுற்ற புள்ளய கொண்டாந்து மூலைல தள்ளுவீங்களா? மூணு மணி நேரம் அழுதுட்டு உக்காந்துருக்கறா, மனுசனுங்களா நீங்க?’ முந்நூறு பேரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். படம் முழுக்க என்னைப் பார்க்காதவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு அம்மா உச்சுக்கொட்டியது. ஒருத்தன் போனை எடுத்து வீடியோ பிடித்தான். மேனேஜர் என்னிடம் குனிந்து ஸாரி மேடம், ஸாரி மேடம் என்றார், நான் இல்லைங்க, அப்படி இல்லைங்க என்றேன், அண்ணன் என் தலையில் கையை வைத்து நீ சும்மா இரு கண்ணு என்றான். நான் சும்மா இருந்தேன். அதுதான் இப்போதும் எரிகிறது. அவன் மேல் எரிகிறதா என் மேல் எரிகிறதா என்று பிரிக்க முடியாமல் எரிகிறது. காரில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காப்பிக்குச் சொல்லியிருக்கலாம். அந்த வாரமே மாடியில் பழைய மோட்டார்களை இறக்க ஆரம்பித்துவிட்டான். ஆள் வந்து சுவரை அளந்தான், பஞ்சுப் பலகை வந்தது, கதவுக்கு ரப்பர் வைத்தார்கள், ஒவ்வொரு நாளும் ராத்திரி வந்து சந்தோஷமாகச் சொல்லுவான், இன்னைக்கு ஒயரிங் முடிஞ்சுது, இன்னைக்குச் சேர் வந்துருச்சு. அந்த முகத்தைப் பார்த்து அன்றைக்கு நான் அழுதது அதற்கில்லை அண்ணா என்று எப்படிச் சொல்வது. நன்றி சொல்லிக்கொண்டே வளர்ந்தவள் நான். தண்ணீர் கொடுத்தால் நன்றி, கதவைப் பிடித்தால் நன்றி, கேட்காததைக் கொடுத்தாலும் நன்றி. ஒரு தப்பான கண்ணீர் மேல் அறையே எழும்பிவிட்டது, நான் அதற்கும் நல்லாருக்குது என்று சொன்னேன். இப்போதும் திரும்பிப் பார்த்து நல்லாருக்குதா என்கிறான், தலையாட்டுகிறேன். திரையில் சனிக் கிரகத்தின் வளையம் வருகிறது. அங்கே அது என் தலைக்கு மேல் ஒரு ஆறு மாதிரி ஓடியது. இங்கே தட்டு. அழகான தட்டு.

படம் போடும்போதே கதவைச் சாத்தாதே என்று சொல்ல நினைத்தேன், சாத்திவிட்டான். சாத்தினால் காதுக்குள் பஞ்சு வைத்த மாதிரி ஆகிறது. கீழே குக்கர் அடித்தாலும் கேட்காது, தெருவில் லாரி போனாலும் கேட்காது, அதுதான் இந்த அறையின் பெருமை, உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாதுங்க என்று சுவரை அளந்த அந்த ஆள் சொன்னபோது அண்ணன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தான். போன ஞாயிற்றுக்கிழமை நான் கத்தினேன். சேர் வசதியா இருக்குதான்னு பாரு என்று என்னைத் தூக்கிவந்து உட்காரவைத்தான், ஒர்க்‌ஷாப்பில் இருந்து போன் வந்தது, இரு வந்தர்றேன் என்று பேசிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனான். கரண்ட் போய்விட்டது. ஜன்னல் இல்லாத அறையில் பகல் மூன்றரை மணிக்கு அப்படி ஒரு இருட்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கையை முகத்துக்கு நேரே பிடித்தால் கை இல்லை. என் போன் கீழே, சக்கர நாற்காலிப் பையில். அண்ணா என்றேன். நங்கை என்றேன். முதலில் கூப்பிட்டேன், அப்புறம் கத்தினேன், அப்புறம் தொண்டை கிழியக் கத்தினேன், என் சத்தம் என் வாயை விட்டு ஒரு அடி போய் அந்தப் பஞ்சில் செத்து விழுந்தது. சாய்வு நாற்காலி கரண்ட்டில் ஓடுவது, கால் மேலே தூக்கியபடியே நின்றுவிட்டது, கவிழ்த்துப்போட்ட ஆமை மாதிரி கிடந்தேன். புகை வந்தால் என்று நினைத்தேன். ஒயர் எரிகிற வாசம் வருகிற மாதிரியே இருந்தது, வரவில்லை. நாற்பது நிமிஷம். கரண்ட் வந்ததும் சிரித்துக்கொண்டே வந்தான், ‘என்ன தூங்கிட்டயா? சேரு அவ்வளவு சொகம்.’ ஆமாம் என்றேன். தொண்டை கட்டியிருந்தது, ஏசி ஒத்துக்கலையாட்ட இருக்குது என்று நங்கை மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். குடித்தேன். நன்றி சொன்னேன். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே நாற்காலிக்கு அதே கைகளில் ஏறி வந்திருக்கிறேன், என்னை மாதிரி ஒரு முட்டாள் இந்த ஊரில் உண்டா.

இப்போது அந்த இடம் வரப்போகிறது. கப்பல் சனிக்குப் பின்னால் போகும், பூமியோடு ரேடியோ அறுந்துபோகும், ஆறு நிமிஷம் படத்தில் ஒரு சத்தமும் இருக்காது. அங்கே அந்த ஆறு நிமிஷமும் முந்நூறு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பாப்கார்ன் கொறிக்கிற சத்தம்கூட நின்றுபோனது, எங்கேயோ ஒரு கைக்குழந்தை மட்டும் ம் என்றது, அந்த ம் எனக்கு எவ்வளவு தைரியமாக இருந்தது. ரேடியோ அறுந்தது. இங்கே வந்த மௌனம் அதைவிடச் சுத்தமானது. அப்பழுக்கில்லாதது. போன ஞாயிற்றுக்கிழமை மௌனம். உள்ளங்கை வேர்க்கிறது, நாற்காலிக் கைப்பிடியின் ரெக்சின் வழுக்குகிறது, திரை வெளிச்சம் இருக்கிறது, அண்ணன் பக்கத்தில் இருக்கிறான், கதவு திறக்கிற கதவுதான், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, மூச்சு ஏன் இப்படி மேலேயே நிற்கிறது.

‘சவுண்டு போயிருச்சா?’ அண்ணன் எழுந்துவிட்டான். ரிமோட்டை ஆட்டுகிறான், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் குனிகிறான். ‘ஒயரு கழண்டுருச்சாட்ட இருக்குது. அந்தாளு பண்ணுன வேலையப் பாரு.’

‘அண்ணா, நிறுத்து.’

‘இரு, ஒரு நிமிசம்.’

‘நிறுத்துன்னு சொல்றேனல்லோ!’

என் குரல்தான். படம் நின்றது. திரையில் அந்தப் பெண் வாயைப் பாதி திறந்தபடி நின்றாள். அண்ணன் விளக்கைப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். ‘பாத்ரூம் போகோணுமா? நங்கையைக் கூப்புடட்டுமா?’

‘அன்னைக்கு மால்ல நான் எதுக்கு அழுதேன்னு நினைக்கற?’

‘அதையெதுக்கு இப்ப பேசற. உன்னைக் கொண்டு போய் மூலைல நிறுத்துனா அழுகை வராதா?’

‘சந்தோசத்துல அழுதேன். அந்த எடம் அவ்வளவு புடிச்சுது. என்ற காலு ஆடுச்சுண்ணா, ராக்கெட் போறப்ப தரையோட சேந்து ஆடுச்சு. நீ வந்து அந்தப் பையனைத் திட்டுன. என்னை ஊரே பாக்கற மாதிரி பண்ணுன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன் அழுகறேன்னு என்னைக் கேட்டியா?’

‘இதையெல்லாம் கேக்கோணுமா துளசி?’

‘கேக்கோணும்.’

அவன் ரிமோட்டை ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ‘உனக்காகத்தான இத்தனையும்’ என்றான். அந்தச் சொல் வந்ததும் எனக்குள்ளே எதுவோ விட்டுப்போனது. ‘போன ஞாயித்துக்கெழமை கரண்ட் போனப்ப நான் தூங்கல. நாப்பது நிமிசம் கத்திட்டு இருந்தேன். இந்த ரூம் நல்லாத்தான் கட்டியிருக்குது, உனக்குக் கேக்கல.’ அவன் முகத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கழன்றதைப் பார்த்தேன். ‘ஏன் சொல்லல?’ என்றான். பதில் சொல்லப் போனால் அழுதுவிடுவேன், இவன் அதற்கும் ஒரு அறை கட்டுவான். பட்டனை அமுக்கிக் காலை இறக்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கினேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான்.

‘தொடாதே.’

நின்றுவிட்டான். உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஊன்றிக் கதவுக்கு வந்தேன், ரப்பர் வைத்த கதவு கனமாக இருந்தது, தோளால் தள்ளித் திறந்தேன், கீழே எண்ணெயில் வெங்காயம் பொரிகிற சத்தமும் பக்கத்து வீட்டு டிவியும் ஒரே அடியாக உள்ளே வந்து விழுந்தன. முதல் படியில் உட்கார்ந்து கையால் காலை எடுத்து அடுத்த படியில் வைத்தேன். அப்புறம் உடம்பை இறக்கினேன். மறுபடி கால், மறுபடி உடம்பு. கிரானைட் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது, நாலைந்து படியில் அதுவே எரிய ஆரம்பித்தது. சுடிதார் சுருண்டு முழங்காலுக்கு மேலே போனது, என் கால்கள் இரண்டும் குச்சி மாதிரி வெளியே தெரிந்தன, தெரியட்டும், இந்த வீட்டில் யார் பார்க்காத கால். வளைவில் திரும்பும்போது நங்கை கீழே வந்து நின்றார், கையெல்லாம் கடலைமாவு. ‘ஐயோ, ஏனுங்க, பாத்துட்டு நிக்கறீங்களே, தூக்குங்க!’ பின்னால் அண்ணன் குரல், ‘தொட வேண்டாங்கறா.’ அவன் ஒவ்வொரு படியாக என் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தான், நான் நின்றால் நின்றான், அவன் முழங்கால் சொடுக்கியது கேட்டது. பயம் இல்லாமல் இல்லை. ஒரு இடத்தில் கை வழுக்கி இரண்டு படி தடதடவென்று போனேன், முதுகுத்தண்டு மின்னியது, நங்கை கத்தினார், நான் கத்தவில்லை. கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். நங்கை மாவுக் கையோடு என் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து பக்கத்தில் நிறுத்தினார். பிரேக்கை நான் போட்டேன். ஏறினேன். மணி ஐந்து பத்து.

போர்ட்டிகோவில் வண்டிக்கு மாறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டும்போது வந்து நின்றான். ‘எங்க போற?’

‘செவ்வாய் படத்துக்கு.’

‘தனியாவா?’

‘தெனமும் தனியாத்தானே போறேன்.’

கேட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்றும் பார்த்தான். ‘நானும் வர்றேன்’ என்றான்.

‘வா. ஆனா என்னைத் தூக்கக் கூடாது. யாரோடவும் சண்டைக்குப் போகக் கூடாது. மேல போய் உக்காந்துட்டு என்ற மண்டையப் பாத்துட்டு இருக்கக் கூடாது. முதல் வரிசைல என்ற பக்கத்துல எடம் கெடைச்சா உக்காரு.’

‘அங்க இருந்து என்னதான் தெரியும்?’ கோபமாகக் கேட்க நினைத்திருப்பான், வந்தது வேறு மாதிரி. முதல் தடவையாகத் தெரிந்துகொள்வதற்காக என்னிடம் ஒன்றைக் கேட்கிறான். பதில் இருந்தது. வேண்டுமென்றே சொல்லவில்லை. இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை, உள்ளங்கை எரிச்சல் ஆக்ஸிலேட்டரைப் பிடித்ததும் இன்னும் ஏறியது. சாவியைத் திருப்பினேன். அவன் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடிச் செருப்பைத் தேடினான், ஒன்றுதான் கிடைத்தது போல, சுகந்தி, இன்னொரு செருப்பு எங்க என்று உள்ளே பார்த்துக் கத்தினான். நான் காத்திருக்கவில்லை. கேட் திறந்துதான் இருந்தது.